அச்சும் மச்சானும்

அறுகம்பே கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாமென்று, வேனில் கட்டி இழுக்கும் கரவன் என்ற வீட்டு வண்டியொன்றை என் மனைவியின் தம்பி செய்து தந்தான். கட்டாரில் இதே வேலை செய்தவன். வேனில் பூட்டும் அதன் முன்கம்பியை ஒரு கையால் தூக்கிக் காட்டியபோது எனக்குப் பெருமை. மாட்டுவண்டியில் நெல் ஏற்றிய குடும்பம் நாங்கள். மாட்டின் கழுத்தில் பாரம் விழாமல் ஏற்றுவதைத்தான் கெட்டித்தனம் என்போம்.

அறுகம்பேக்கு முதல் பயணம் போக அவனையும் குடும்பத்தோடு கூப்பிட்டேன்.

"நாங்க பஸ்ஸில வாறம் மச்சான். புள்ளைகளுக்கு வேன்ல நெருக்கமா இரிக்கும்."

வேனில் இடம் தாராளமாக இருந்தது.

வண்டியின் முகப்பு சுவர்போல் நிமிர்ந்து காற்றோடு முட்டியதில் டீசல் மளமளவென்று இறங்கியது. அதைப் பொறுத்துக்கொண்டேன். திருக்கோவில் ஊரைத் தாண்டி வேகம் பிடித்ததும் வண்டி வாலை ஆட்டத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் கூடி, வேனையும் இழுத்துக்கொண்டு வயலோரம் சரிந்து நின்றது. யாருக்கும் காயமில்லை. என் பிள்ளைகள் பின்சீட்டில் கத்தி அழுதார்கள்.

மச்சானுக்கு போன் எடுத்தேன்.

"முன்கம்பியில பாரம் இரிக்கணும் மச்சான், இல்லாட்டி வால் ஆடும். அச்சு இன்னும் பின்னால போயிரிக்கணும்."

"இது முந்தியே தெரியுமா?"

"ஓம். மாத்துறதெண்டா முழுக்க வெட்டி ஒட்டணும். நீங்க மெல்லமா ஓடுவீங்க எண்டு நினச்சன்."

பக்கத்திலிருந்த என் மனைவி, அவனுடைய ராத்தா, போனை வாங்கினாள்.

"தம்பி, உன்ட புள்ளைகள் பஸ்ஸில சொகமா வந்து சேந்திட்டாங்களா?"



இன்றும் அவன் எதைச் செய்து தந்தாலும், தன் பிள்ளைகளை அதில் ஏற்றுகிறானா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.