சம்டைம்ஸ் வேலைக்குப் போகிறவர்

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இங்கிலீஷ் நடத்திய டீச்சரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆல்வேஸ், சம்டைம்ஸ், நெவர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, வீட்டு மனிதர்களைப் பற்றி வாக்கியம் எழுதச் சொன்னார். மை ஃபாதர் சம்டைம்ஸ் கோஸ் டு வொர்க் என்று எழுதினேன்.

சோம்பேறிகளைத்தான் அப்படிச் சொல்வார்கள், பெற்ற அப்பாவை இப்படியா எழுதுவாய், ஆல்வேஸ் என்று மாற்று என்றார். என் நைனாவா சோம்பேறி? விடிவதற்குள் ஹார்பர் கேட்டில் போய் நிற்பவர். கப்பல் வந்திருந்தால் மேஸ்திரி கைகாட்டிக் கூப்பிடுவார், மூட்டை தூக்கலாம். இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கேட்டுக்குப் போவது தினமும், வேலை கிடைப்பது எப்போதாவது. வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் ஹார்பர்தான். ஒருத்தியாவது வாய் திறந்தாளா? மாற்ற மாட்டேன் என்றேன். திமிரா, நாளைக் காலை அப்பாவோடு வா, இல்லாவிட்டால் வகுப்புப் பக்கமே வராதே என்றார்.

அதுவரை ஒரு வாரமாகக் கப்பலே இல்லை. மறுநாள் பார்த்தா வந்து தொலைய வேண்டும்? நான் வேண்டாம் வேண்டாம் என்று அழுதும் நைனா கேட்கவில்லை. படிப்பு நின்றுவிடக்கூடாது என்று என்னோடு பள்ளிக்கூடம் வந்து வராந்தாவில் நின்றார். டீச்சர் பிரேயர், அட்டெண்டன்ஸ் எல்லாம் முடித்துவிட்டு ஆடி அசைந்து வந்து, உங்கள் பெண் உங்களையே கேவலப்படுத்துகிறாள் என்றார்.

"கொயந்த உள்ளதத்தான் எயுதிக்கீது டீச்சரம்மா. கப்பல் வந்தாத்தான் எங்களுக்கு வேல. இன்னிக்கி வந்துகீது. நான் இங்க நின்னுகினு கீறேன்."

டீச்சர் முகத்தில் ஈ ஆடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு மண்ணும் நடக்கவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு உங்கள் கப்பல் கதையெல்லாம் தெரியாது, ஆல்வேஸ் என்றே எழுதட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன ஜென்மமோ!

நைனா கேட்டுக்கு ஓடினார். அதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாயங்காலம் நான் போனபோது நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வேலைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. மாற்றி எழுதிவிட்டாயா என்று கேட்டார். இல்லை, முட்டை போட்டுவிட்டார் என்றேன்.

"போட்டா போட்டுக்கினு போவட்டும். நீ மாத்தாத," என்றார்.