எரு வண்டியில் ஒரு சவாரி

ஊறவைத்த கொள்ளின் வாசனையில்தான் அப்போது எங்கள் வீட்டில் பொழுது விடியும்... மண் தொட்டியின் மூடியை அம்மா திறந்ததும் லேசான புளிப்போடு ஒரு வாடை கிளம்பும். நேற்று கம்பெனி கேன்டீனில் கொள்ளு ரசம் ஊற்றினார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடி, ரசத்துல இன்னா தேடுற?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

வாயைத் திறந்து சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். நான் காலேஜில் சேர்ந்த வருஷம், வண்டி மாடுகளில் ஒன்று நோயில் செத்துப்போனது. இன்னொரு ஜோடி வாங்க வழியில்லை. மீதி மாட்டை விற்றுவிட்டு, வாணியம்பாடியிலிருந்து ஒரு ஜட்கா குதிரையை வண்டியோடு லாரியில் ஏற்றி வந்தார் அப்பா. ஷேர் ஆட்டோக்கள் வந்தபிறகு சவாரி இல்லாமல் நின்றுபோன குதிரை. பெயர் பாதுஷா.

வண்டியின் கூண்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தோம். குதிரையை வைத்து எரு அடிப்பதை ஊரில் யாரும் பார்த்ததில்லை. "டேய், ராஜா வர்றாரு, வழி வுடுங்கடா!" என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு.

முதல் நாள் எரு ஏற்றியாகிவிட்டது. அப்பா முன்னால் உட்கார்ந்து அதட்டினார். பாதுஷா நகரவில்லை. மாடு ஓட்டிய கை அல்லவா... வாலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். மாடாக இருந்தால் கிளம்பியிருக்கும். பாதுஷா விட்ட உதையில் முன்பலகை இரண்டாகப் பிளந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அதே கதைதான். கொள்ளு தின்னும், தண்ணீர் குடிக்கும், வண்டியில் பூட்டினால் சிலை மாதிரி நிற்கும். மழைக்கு முன்னால் எரு நிலத்துக்குப் போகாவிட்டால் வேர்க்கடலை போட முடியாது. டிராக்டர் வாடகையைப் பற்றிக் கேட்டாலே அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பவும் நவுரலன்னா இத்த தள்ளி வுட்டுட்டு, நெலத்த குத்தகைக்கு வுட்டுட்டு, டேனரிக்கே போயிடறேன்" என்றார்.

அப்பா முன்பு தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று, காலெல்லாம் புண்ணாகித் திரும்பியவர். அந்தத் தழும்பு எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி முயற்சி. எருவின் மேல் வைத்திருந்த கூடை சரிந்தது.

"ஏய், கூட வுழுது பாரு. பின்னால ஏறிப் புடிச்சிக்கோ" என்றாள் அம்மா.

ஏறி, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தேன். பலகை கிரீச்சிட்டது. பாதுஷாவின் ஒரு காது மெதுவாகப் பின்னால் திரும்பியது... அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டது. அப்பா மல்லாந்து எருவின்மேல் விழுந்தார்.

"நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலப்பா... உக்காந்தேன்."

இறங்கச் சொன்னார். நின்றுவிட்டது. ஏறச் சொன்னார். கிளம்பியது.

"அடப்பாவி! சவாரி ஏறுனாதான் போவியா நீ?" என்று பாதுஷாவைப் பார்த்துக் கத்தினார். அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அன்றிலிருந்து நான்தான் சவாரி. அடுத்த நடைக்கு எரு வாரி வைக்க அம்மா குழியில் இருந்தாக வேண்டும். அதனால் காலேஜ் லீவு நாளெல்லாம் எனக்கு வண்டியில்தான். நிலத்துக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாப். கிளாஸில் அட்டெண்டன்ஸுக்குக் கூடச் சத்தமாகக் குரல் கொடுக்காதவள் நான். எருவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த இடத்தைக் கடப்பது...

"இன்னா பாப்பா, இங்கேந்து டிக்கெட் எவ்ளோ?" என்பார் டீக்கடைக்காரர். நான் துப்பட்டாவை முகத்தில் இழுத்துக்கொள்வேன்.

"மூஞ்ச மூடாத. பின்னால பஸ் வருதா பாத்து சொல்லு" என்பார் அப்பா. பார்ப்பதற்கு ஒரு வேலை கிடைத்ததும் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தது.

திரும்பும்போது மட்டும் பாதுஷாவுக்கு யாரும் வேண்டாம். காலி வண்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் தானே ஓடும். நாங்கள்தான் பின்னால் நடந்து வருவோம்.

அந்த வருஷம் வேர்க்கடலை போட்டோம். அப்பா டேனரிக்குப் போகவில்லை.

நான் டிகிரி முடித்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை. லோன் போட்டு அப்பாவுக்கு ஒரு லோடு ஆட்டோ வாங்கினோம். பாதுஷாவை விற்றுவிடலாம் என்று அவரே சொன்னார். செங்கல் இழுக்க வேண்டுமென்று அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்தார். வண்டியில் பூட்டி, முன்னால் ஏறி அதட்டினார். பாதுஷா நின்றது.

"இன்னாங்க, நவுரவே மாட்டேங்குது?"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வண்டியின் காலியான பின்பலகையைப் பார்த்தார். என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

"அது அப்படித்தாங்க. ஒரே பேஜாரு" என்றார்.

வந்தவர் இறங்கிப் போய்விட்டார். அப்பா பாதுஷாவை அவிழ்த்துக் கொட்டகையில் கட்டினார். இப்போதும் கொட்டகையில்தான் இருக்கிறது. வேலை எதுவும் இல்லை. "சும்மா நிக்கறவனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கொள்ளு?" என்று முணுமுணுத்துக்கொண்டே தொட்டியைத் தூக்கிக்கொண்டு போவது அப்பாதான்.

எங்கள் கம்பெனி பஸ் காலையில் நேரத்துக்குக் கிளம்பிவிடும். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று பார்க்காது. போன வாரம் கையைக் காட்டிக்கொண்டே ஓடினேன்... போய்விட்டது. ரோட்டில் நின்று மூச்சு வாங்கும்போது, மெதுவாகப் பின்னால் திரும்பும் அந்தக் காது நினைவுக்கு வந்தது.