டாக்டர்தான் கொலைகாரர் என்று சொல்லித் திரிந்தேன்

இன்று தெமோதரை போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த லெட்சுமி அக்காவிடம், தொலைக்காட்சி மர்மத் தொடரில் கொலை செய்தது டாக்டர்தான் என்று விளக்கினேன். இடது கைப்பழக்கம், நின்றுபோன கடிகாரம் என்று துப்புகளை அடுக்கினேன்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், செத்தவரோட சம்சாரம், கொட்டுற மழையில டாக்டர தேடி ஓடுனேன்னு சொல்லுச்சுல்ல?"

"ஆமா."

"சேலைக் கரையில ஒரு பொட்டு சேறு இல்லைங்களே! நாங்க தெனம் மழையில நிக்கிறவங்க. அந்தம்மா வீட்ட விட்டு எறங்கவே இல்லைங்க."

மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் முழுக்க டாக்டரைத் தூக்கில் ஏற்றிக்கொண்டிருந்தவள் நான்.

"கவலப்படாதீங்க டீச்சர், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தபடி இறங்கிப் போனார்.

சனிக்கிழமை வரும் கடைசிப் பகுதியில் உண்மை தெரிந்துவிடும். அதுவரை டாக்டர்தான் என்று என்னோடு நிற்கப்போவது யார் யார்?