ஈரச்சேலையும் கள்ளுக்கடைப் போத்தல்களும்

ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். நாங்கள் மலாயாவில் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். மழை விடாமல் பெய்த ஒரு நாள் காலையில், என் மனைவியின் வயிற்றுக் கட்டியை அறுத்து எடுப்பதாக ஏற்பாடு.

சாமி கும்பிடாமல் போகலாமா? இருவரும் தலை முழுகி, ஈரத்துணியோடு மாரியம்மனை மூன்று சுற்றுச் சுற்றினோம். துணி காய்ந்தால் வேண்டுதல் கெட்டுவிடும் என்று அப்படியே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாற்றுச் சேலையும் கிடையாது. துணி கண்ணில் படாத காலம் அது.

அங்கே நோயாளிகளைக் கவனித்த நர்ஸ், நாங்கள் கூப்பிடுவது மிஸ்ஸி என்று, யாழ்ப்பாணத்துக்காரர். என் மனைவியின் காலைத் தொட்டவர் என்மேல் பாய்ந்தார்.

"என்ன மனிசன் நீர்? மயக்க மருந்து குடுத்தால் உடம்புச் சூடு இறங்கும். அவவுக்கு நடுங்கவும் ஏலாது, குளிருதெண்டு சொல்லவும் ஏலாது. இப்பிடி ஈரத்தோட கொண்டு வந்திருக்கிறீர்!"

"ஆத்தா பாத்துக்குவா மிஸ்ஸி," என்றேன்.

"அவ பார்ப்பா. போர்வை ஆர் தாறது? இருந்த கம்பளியெல்லாம் ஜப்பான்காரன் கொண்டு போயிட்டான்."

உடம்பு சூடாகாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதியம் அவர் வேறு ஊருக்குப் போகிறார். திரும்ப எப்போது வருவாரோ. கட்டி அதுவரை பொறுக்காது.

மிஸ்ஸி கேட்டது காலிப் போத்தல்களும் காய்ந்த சாக்கும். போத்தலில் வெந்நீர் ஊற்றி, சாக்கில் சுற்றி, உடம்போடு அணைத்து வைப்பார்களாம். அவ்வளவு போத்தல் கள்ளுக்கடையில்தான் இருக்கும். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவன். அங்கே போகிறவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியவனும் நானே.

ஈர வேட்டியும் பட்டைத் திருநீறுமாக நுழைந்தேன்.

"அலமாக்! சாமியே வந்துட்டாங்க. ஒரு மங்கு கள்ளு ஊத்துங்கப்பா!" என்றான் ஒருவன். கடையே சிரித்தது.

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு அடங்கியது. கேலி செய்த அவனே போத்தல்களைக் கழுவிக் கொடுத்தான். தோளில் போர்த்தியிருந்த சாக்கையும் உருவி நீட்டினான்.

"அண்ணிக்குச் சுத்துங்க. நமக்கு உள்ளுக்கே சூடு இருக்கு லா."

ஈரச்சேலையைக் களைந்து, சாக்கால் மூடினார்கள். மிஸ்ஸி ஒவ்வொரு போத்தலையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகே வைத்தார். மயக்க மருந்து கொடுத்த பிறகு சுட்டாலும் அவளால் சொல்ல முடியாதல்லவா? கால் சூடானதும் டாக்டர் வேலையைத் தொடங்கினார். ஆறிய போத்தலை வாங்கி, வெந்நீர் மாற்றிக் கொடுப்பது என் வேலை. அடுப்புக்கும் கதவுக்குமாக ஓடினேன். வேட்டி உடம்பிலேயே காய்ந்து போனது. வேண்டுதல் கெட்டதாக எனக்குத் தோன்றவேயில்லை.

அவள் பிழைத்தாள். கண் விழித்ததும், "ஏங்க, கள்ளு வாடை அடிக்குதே?" என்று என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தாள்.

இன்றும் நோயாளி யாரையாவது பார்க்கப் போனால், நெற்றியில் திருநீறு பூசுமுன் கால் சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். ஆத்தாளுக்குச் செய்யும் பூசையில் அதுவும் சேர்த்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.