நான் வாரித் தூற்றிய மண்

இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சுதந்திரம் கிடைத்த மறுவருடம், திற்பரப்புப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்த துரை சீமைக்குத் திரும்பியபோது, தன் டெரியர் நாயை அங்கே கணக்கராக இருந்த என் கணவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். "கோழி நிக்குத வீடு, அதக் கட்டிப் போடு" என்றார் கணவர். பிஸ்கட் தின்று வளர்ந்த நாய் கோழியைத் தொடுமா என்று நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

ஒரே வாரத்தில் என் முட்டைக்கோழியைக் காணவில்லை. அன்று பக்கத்து வீட்டுத் தங்கம்மையின் அடுப்பில் கோழிக்கறி மணத்தது. எனக்கு அது போதாதா? அவள் முற்றத்தில் போய் நின்று, "எனக்க கோழியத் தின்னவ வெளங்க மாட்டா!" என்று மண்ணை வாரித் தூற்றினேன். அவள் பிள்ளைகள் பயந்து அழுதார்கள். நான் நிறுத்தவில்லை.

மறுநாள் அந்த நாய் எங்கள் பலாமரத்தடியைத் தோண்டி, கோழியின் மிச்சத்தைக் கவ்வி வந்து என் காலடியில் போட்டு வாலாட்டியது. வேலிக்கு அப்பால் தங்கம்மை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூனிக்குறுகி, ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஒனக்க கோழி எனக்கு வேண்டாம்" என்றாள். "நீ தூத்துன மண்ண எனக்க முற்றத்துலயிருந்து அள்ளிட்டுப் போடி."

குனிந்தேன். எது நான் தூற்றிய மண், எது அவள் முற்றத்து மண் என்று எனக்குத் தெரியவில்லை.