சும்மா நிற்கத் தெரியாத வண்டி

டீச்சருக்கு உட்கார வராது. சாப்பாடு நின்றபடி, போன் பேச்சு நடந்தபடி. வீட்டில் இருக்கும் எந்தப் போட்டோவிலும் அவர் முகம் தெளிவாக இல்லை. கணவர் அதைக் காட்டியே வருகிறவர்களைச் சிரிக்கவைப்பார்.

முன்பு ஒரு பெரிய டிரைவிங் ஸ்கூலில் வேலை. முதலாளி அவரை ஜன்னல் இல்லாத வகுப்பறையில் போட்டு, சுவரில் மாட்டிய சாலைக் குறியீடுகளைக் குச்சியால் காட்டச் சொன்னார். ஒரு நாள் குச்சியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தவர், தன் மூத்த மகளைவிட வயதான ஒரு வெள்ளைக் காரை வாங்கினார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கீழே தனக்கென்று ஒரு பிரேக் மிதியைப் பொருத்திக்கொண்டு, சொந்தமாகக் கற்றுத்தர ஆரம்பித்தார். அவர் தரித்து உட்காரும் ஒரே இடம் அதுதான்.

இப்போது அந்தக் கார் தரிக்கவில்லை. சிக்னலில் நின்றால் எஞ்சின் உறுமும், உடனே வேகம் இறங்கும், மறுபடி உறுமும், சில நேரம் அணைந்தே போகும். தம்பிதான் மெக்கானிக். கார்புரேட்டரைக் கழுவினான், பிளக் மாற்றினான், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் ஐடிலிங் திருகைக் கூட்டினான், குறைத்தான். அவன் பட்டறையில் வண்டி பரம சாதுவாக நிற்கும். தெருவுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

இன்று மதியம் அரசாங்கச் சோதனை. எஞ்சின் நிதானமாக ஓடாவிட்டால் அந்தக் காரில் கற்றுத்தர அனுமதி கிடையாது. பழைய முதலாளிக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. காலையிலேயே போன்: "குச்சி இங்கயேதாம்மா இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்."

அந்த எரிச்சலோடுதான் டீச்சர் காலை வகுப்புக்குக் கிளம்பினார். ஓட்டக் கற்றுக்கொள்பவர் தையல்காரம்மா. நாற்சந்தியில் இரண்டு முறை வண்டி அணைந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்!"

"தெரியும். நேரா என் தம்பி பட்டறைக்கு விடுங்க."

பட்டறையில் இருவரும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்க, தம்பி பானெட்டைத் திறந்தான். எஞ்சின் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் முறையாக அவன் கண் முன்னாலேயே.

"ஆகா, மாட்டுச்சு! அக்கா, வந்து பாரு."

டீச்சர் இறங்கினார். எஞ்சின் அடங்கிச் சீராக ஓடியது.

"இறங்கினதும் நடுக்கம் நின்னுடுச்சே? நீ ஏறு."

ஏறினார். எஞ்சினுக்கு மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்தது.

"இறங்கு."

அடங்கியது.

தம்பி இடுப்பில் கை வைத்து நின்றான். "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? வண்டி உன்னைப் பார்த்தாதான் நடுங்குது. மாமா மாதிரியே."

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடா. சோதனைக்கு நேரமாச்சு. என் பொழப்பே இதுலதான் இருக்கு."

"சரி, ஏறி உக்காரு. உள்ள என்ன பண்றே?"

"என்ன பண்றேன்? சும்மாதான் உக்காந்திருக்கேன்."

ஓட்டுநர் இருக்கையிலிருந்து தையல்காரம்மா தயங்கித் தயங்கி வாய் திறந்தார். "டீச்சர் காலு சும்மா இருக்காதே தம்பி. என் மெஷின் மிதி மாதிரி அது பாட்டுக்கு ஆடிட்டே இருக்கும். முதல் நாள் அதப் பார்த்துத்தான் நான் பயந்தேன்."

ஏறி உட்கார்ந்திருந்த டீச்சர் குனிந்து பார்த்தார். தன் வலது கால் பிரேக் மிதியை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தது, வேறு யாருடைய காலோ போல.

"எடுக்காதே! நல்லா அழுத்திப் பிடி," என்று தம்பி கத்தினான். அழுத்தினார். எஞ்சின் வேகம் இறங்கியது, மிதிக்குப் பின்னாலிருந்து 'உஸ்ஸ்' என்று காற்று உறிஞ்சும் சத்தம். மிதிக்கு பலம் கூட்டும் பிரேக் பூஸ்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை அவன் இடுக்கியால் நெரித்தான். கால் மிதியில் இருக்கும்போதே எஞ்சின் சமாதானமானது.

"பூஸ்டருக்குள்ள சவ்வு கிழிஞ்சிருக்குக்கா. நீ மிதிக்கிறப்பல்லாம் வேண்டாத காத்து எஞ்சினுக்குள்ள போகுது. நான் தனியா பார்க்கிறப்போ எவன் பிரேக்கை மிதிச்சான்?" அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அடுத்து பிரேக் மிதியே கல்லு மாதிரி இறுகி, வண்டி நிக்காமப் போயிருக்கும். இந்தக் காலுக்கு ஒரு கும்பிடு."

தையல்காரம்மா ஸ்டியரிங்கிலிருந்து மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார்.

தம்பி பழைய சாமான் கடைக்கு ஓடி அதே மாடல் பூஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். மாட்டி முடிக்கும்வரை டீச்சர் பட்டறையை எத்தனை சுற்று சுற்றினார் என்று கேட்கக் கூடாது. ஸ்பேனர் கேட்டால் சுத்தியலை நீட்டினார். "நீ வெளிய போய் நில்லுக்கா, புண்ணியமாப் போகும்," என்று துரத்தினான்.

சோதனை மைதானத்தில் அதிகாரி காரில் ஏறிக்கொண்டு, டீச்சரைத் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். எஞ்சினை ஓடவிட்டார். பிரேக்கை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்துப் பிடித்தார். புகைக்குழாயில் கருவியைச் செருகி வைத்துவிட்டு அவர் ஏதோ யோசிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் டீச்சரின் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கால்," என்றான் தம்பி.

"ஆடட்டும் விடுடா. இப்ப அது மிதியில இல்லையே."

எஞ்சின் ஒரே சீராக ஓடியது. அதிகாரி இறங்கி, பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி, கையால் 'எடுத்துக்கொண்டு போ' என்று காட்டினார்.

டீச்சர் அதற்குள் கோட்டைத் தாண்டியிருந்தார்.