முள்ளுக்கம்பிக்கு ஒரு சொல்

பாரிஸ், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெரு. மாலை ஆறு மணி. தங்கைக்குச் சேலை எடுக்க வந்திருக்கிறேன். கடைக்காரச் செல்வி அக்கா நான் தேர்ந்தெடுத்த சேலையையே மூன்றாம் முறை மடிக்கிறார். கண்ணெல்லாம் கடிகாரத்தில்.

"அவசரமா அக்கா?"

"ஓம் தம்பி. ஏழு மணிக்கு யூத ஆக்களின்ரை கோயிலிலை வகுப்பு. பெரிய ஆக்களுக்கு வரலாறு சொல்லித் தருகினம், ஆரும் போகலாம். இண்டைக்கு நான் பேசவேணும்."

அவர் குடியிருப்பது பாரிசை ஒட்டிய திரான்சியில். இரண்டாம் உலகப்போரில் யூதர்களை அடைத்துவைத்த முகாம் அந்த ஊரில்தான் இருந்தது என்று அறிந்தபிறகு வகுப்பில் சேர்ந்தாராம். இலங்கையில் வன்னிப் போர் முடிந்ததும் அவரும் மாதக்கணக்கில் முகாமில் அடைபட்டிருந்தவர். அதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே பிறந்த மகளிடம்கூட.

வகுப்பில் பேச எழுதிய தாளை முணுமுணுத்துப் படிக்கிறார். ஓரிடத்தில் திக்குகிறார்.

"முள்ளுக்கம்பிக்குப் பிரெஞ்சிலை என்ன சொல்லுறது?"

எனக்குத் தெரியவில்லை. மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறார். மகள் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிக்கொள்கிறார்.

"பூர்குவா, மம்மா?" ஏன் என்று கேட்கிறாள். அதுவரை எனக்கும் புரிகிறது.

செல்வி அக்காவின் கை சேலையைக் கசக்குகிறது.

"நான் இருந்த முகாமைப் பற்றிச் சொல்லப்போறன்."

மகள் பிரெஞ்சில் ஏதோ வேகமாகக் கேட்கிறாள். எந்த மெத்ரோ ரயில் நிலைய வாசலில் சந்திப்பது என்று அக்கா சொல்லிவிட்டுப் போனை வைக்கிறார்.

"தானும் வாறாளாம். இனி அவளுக்கு முன்னாலை எப்பிடித் தம்பி சொல்லுவன்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னை வெளியே விட்டு, தாளை மார்போடு பிடித்தபடி ஷட்டரை இறக்குகிறார். சேலை உள்ளேயே கிடக்கிறது.